ஏசி, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸருக்கு எந்த ஆயில்? வேலையில் தெரிந்துகொண்டவை

ஜாம் ஆகி நின்ற கம்ப்ரஸரை அறுத்துத் திறந்தால் இரண்டு காட்சிகள்தான் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, சம்ப்பில் (கம்ப்ரஸரின் அடியில் ஆயில் நிற்கும் இடம்) ஆயில் கால்வாசிகூட இருக்காது, பேரிங் காய்ந்து தேய்ந்திருக்கும். வெளியே எங்கும் கசிந்த தடமும் தெரியாது. காணாமல் போன ஆயில் எவாப்பரேட்டரின் (குளிர் தரும் சுருள்) அடிக்குழாய்களிலும், அதிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்‌ஷன் லைனின் வளைவுகளிலும் தேங்கிக் கிடக்கும். மற்றொன்றில் ஆயில் அளவு சரியாகவே இருக்கும். ஆனால் கறுத்துப்போய், மூக்கை எரிக்கும் நெடி அடிக்கும். பேரிங்கிலும் வால்வு பிளேட்டிலும் செம்பு முலாம் பூசினாற்போல் படிந்திருக்கும். முதலாவதற்குக் காரணம் கேஸோடு (குளிர்பதனப் பொருள்) சேராத ஆயில், அல்லது சரியில்லாத பைப்பிங். இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்.

எஞ்சின் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுகிறது. கம்ப்ரஸர் ஆயிலுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆயில் கேஸோடு சேர்ந்து டிஸ்சார்ஜ் லைன் எனும் வெளியேற்றுக் குழாய் வழியாகப் போய்விடும். சூட்டை வெளியேற்றும் சுருளான கண்டென்ஸரையும், மெல்லிய குழாயான காப்பிலரியின் குறுகலையும் எவாப்பரேட்டரின் குளிரையும் கடந்து அது மறுபடி சம்ப்புக்கு வந்து சேர வேண்டும். அதற்கு ஆயில் கேஸில் கரைய வேண்டும். அளவுக்கு மீறிக் கரைந்தால் ஆயில் தண்ணீராக இளகி, பேரிங்கில் படலம் நிற்காது. இதற்கு மேல், மூடிய வகைக் கம்ப்ரஸர்களில் மோட்டார் வைண்டிங்கும் இதே ஆயில் படும் இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே மின்சாரம் கடத்தாத ஆயிலாகவும் இருக்க வேண்டும். "ஆயில்தானே, வழவழப்பாக இருந்தால் போதும்" என்று ஏர் கம்ப்ரஸர் ஆயிலையோ ஹைட்ராலிக் ஆயிலையோ வேக்கம் பம்ப் ஆயிலையோ ஊற்றினால் கம்ப்ரஸர் நிலைக்காமல் போவது இதனால்தான். அந்த ஆயில்களில் உள்ள மெழுகும் ஈரமும் வேறு வேலைக்கான சேர்மானங்களும் குளிர்பதனச் சுற்றுக்கு ஆகாதவை.

முதலில் பார்க்க வேண்டியது நேம் பிளேட்

கம்ப்ரஸரின் மேலே ஒட்டியிருக்கும் பிளேட்டிலோ, அந்த மாடலின் தரவுத்தாளிலோ ஆயில் பெயரும் அளவும் போட்டிருக்கும். அது கிடைத்துவிட்டால் வேறு யோசனையே வேண்டாம். கேஸ் பெயரை மட்டும் வைத்து ஆயில் வாங்குவது அரைக் கணக்கு. ஆர்-410ஏ-வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓடும் ஸ்க்ரோல் கம்ப்ரஸர்கள் பலவற்றுக்கு 32 தடிப்புள்ள (பாகுத்தன்மை எண், விளக்கம் கீழே) பிஓஇ எனும் எஸ்டர் ஆயில். அதே கேஸில் ஓடும் ரோட்டரி கம்ப்ரஸர்கள் பலவற்றுக்கு 68 தடிப்பு, அதிலும் சில தயாரிப்பாளர்கள் பிஓஇ போடுகிறார்கள், டைகின் போன்றவர்கள் பிவிஇ எனும் ஈதர் ஆயில் போடுகிறார்கள். கேஸ் ஒன்று, ஆயில் மூன்று விதம். பிளேட் அழிந்துபோயிருந்தால் மாடல் எண்ணை வைத்துத் தரவுத்தாளைத் தேடுங்கள். அதுவும் கிடைக்காதபோதுதான் கீழே சொல்லும் பொதுக் கணக்கு.

ஆர்-12, ஆர்-22 காலத்து இயந்திரங்களுக்கு மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது). கடைகளில் சுனிசோ 3ஜிஎஸ், 4ஜிஎஸ், 5ஜிஎஸ் என்று கேட்டு வாங்குவது இந்த வகையைத்தான். ஆர்-12 மினரல் ஆயிலில் நன்றாகக் கரையும். ஆர்-22 அவ்வளவு நன்றாகக் கரையாது. எவாப்பரேட்டர் வெப்பநிலை இறங்க இறங்க ஆயிலும் கேஸும் இரண்டு அடுக்காகப் பிரியத் தொடங்கும். ஏசியில் இது பெரிதாகத் தொல்லை தராது. ஃப்ரீசர், குளிர்கிடங்கு என்று வரும்போதுதான் ஆயில் அடியில் தங்கிவிடும். அங்கே அல்கைல் பென்சீன் எனும் செயற்கை ஆயில் அல்லது அதை மினரலோடு கலந்த ஆயில் நன்றாகத் திரும்பி வரும்.

ஆர்-134ஏ, ஆர்-404ஏ, ஆர்-407சி, ஆர்-410ஏ ஆகியவற்றில் குளோரின் கிடையாது. இந்த மூலக்கூறுகள் மினரல் ஆயிலோடு ஒட்டுறவு வைத்துக்கொள்ளாது. ஆகவே பிஓஇ அல்லது பிவிஇ. குளோரின் போனதில் இன்னொரு இழப்பும் உண்டு. பழைய கேஸ்களில் இருந்த குளோரின், இரும்புப் பரப்பில் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்றை உண்டாக்கித் தேய்மானத்தைக் குறைத்துவந்தது. இப்போது அந்த வேலையை ஆயிலும் அதிலுள்ள சேர்மானங்களும்தான் செய்ய வேண்டும். ஆர்-134ஏ இயந்திரத்தில் மினரல் ஊற்றி "ஓடுகிறதே" என்று விட்டுவிட்டுப் போனவர்களின் கம்ப்ரஸர் சில காலம் ஓடும், உண்மைதான். ஆயில் மெல்ல மெல்ல வெளியேறித் திரும்பாமல் போகும் வரை ஓடும்.

ஆர்-32-க்கும் பிஓஇ அல்லது பிவிஇதான். ஆனால் ஆர்-410ஏ-வுக்கு வாங்கி வைத்த பிஓஇ டின்னை இதற்கு எடுக்காதீர்கள். ஆர்-32 வழக்கமான பிஓஇ-யில் அந்த அளவுக்குக் கலக்காது. டிஸ்சார்ஜ் சூடும் ஆர்-410ஏ-வை விட அதிகம். இந்தக் கேஸுக்கென்றே தயாரித்த ஆயில் என்று டின்னில் எழுதியிருக்க வேண்டும்.

வீட்டு ஃபிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ ஹைட்ரோகார்பன். மினரல் ஆயிலும் ஹைட்ரோகார்பன்தான். இரண்டும் நன்றாகச் சேரும். இந்தக் கம்ப்ரஸர்களில் மினரல் அல்லது அல்கைல் பென்சீன் ஆயில் மிக மெல்லிய தரத்தில் இருக்கும், 5 முதல் 15 வரைக்குள். மின்சாரத்தை மிச்சப்படுத்தவே இவ்வளவு மெல்லிசு. இதில் "கொஞ்சம் திக்காக ஊற்றினால் கம்ப்ரஸர் நீடிக்கும்" என்று 32 ஊற்றினால் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், ஆம்பியர் ஏறும், ஆயில் பம்ப்பும் மேலே தூக்காது. ஆர்-290 எனும் புரோப்பேன், ஆயிலில் நிறையக் கரைந்து அதை இளக்கிவிடும் கேஸ். ஆகவே இதற்குத் தடிப்பான தரம்தான் வேண்டும்.

அம்மோனியா தனி உலகம். அதற்கு மினரல், அல்லது ஹைட்ரோ முறையில் சுத்திகரித்த பாரஃபின் ஆயில், மிகக் குறைந்த வெப்பநிலைகளுக்கு பிஏஓ எனும் செயற்கை ஆயில். 68 தடிப்பு பரவலாகப் புழங்குவது. பிஓஇ மட்டும் அம்மோனியா பக்கமே போகக் கூடாது, இரண்டும் வினைபுரிந்து களியாகிவிடும். மினரல் ஆயில் அம்மோனியாவில் கரையாது, அதைவிடக் கனமும் கூட. ஆகவே பாத்திரங்களின் அடியில் போய்த் தங்கும், அவ்வப்போது அடியிலிருந்து வடித்தெடுக்க வேண்டும். பல வருடம் மினரலில் ஓடிய ஆலையை பிஏஓ-வுக்கு மாற்றினால், ஊறி உப்பியிருந்த ஓ-ரிங்குகளும் சீல்களும் சுருங்கிக் கசியத் தொடங்கும். மாற்றும்போதே சீல்களையும் மாற்றிவிடுவது உத்தமம்.

தடிப்பு எண்

டின்னில் ஐஎஸ்ஓ விஜி 32, 46, 68 என்று இருப்பது, 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை சென்டிஸ்டோக் கணக்கில். அந்த எண்ணிலிருந்து மேலும் கீழும் 10 சதவீதம் வரை இருக்கலாம். சுனிசோ எண்கள் வேறு கணக்கு. 3ஜிஎஸ் சுமார் 30, 4ஜிஎஸ் சுமார் 55, 5ஜிஎஸ் நூறை ஒட்டி வரும். "3" என்றால் 32 என்றும் "4" என்றால் 46 என்றும் நினைத்து வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 4ஜிஎஸ் 46 அல்ல.

பேரிங்கில் நிற்பது டின்னில் இருந்த சுத்தமான ஆயில் அல்ல என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். அங்கே நிற்பது கேஸ் கரைந்து இளகிய ஆயில். ஆர்-134ஏ-வில் ஓடும் பெரிய ஸ்க்ரூ கம்ப்ரஸர்களுக்கு 170, 220 என்று தேன் போன்ற பிஓஇ ஊற்றச் சொல்வது இதனால்தான். கேஸ் கரைந்த பிறகு அது தேவையான அளவுக்கு இறங்கி நிற்கும். ஸ்க்ரூவில் ஆயில்தான் ரோட்டர்களுக்கு இடையே சீல், அதுவேதான் சூட்டையும் இழுக்கிறது. மெல்லிய ஆயில் ஊற்றினால் பேரிங் தேய்வதற்கு முன்பே குளிரூட்டும் திறன் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

குளிர்ந்த பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. எவாப்பரேட்டரின் வெப்பநிலைக்கும் கீழேதான் ஆயிலின் உறைநிலை இருக்க வேண்டும், குறைந்தது 10 டிகிரியாவது இடைவெளி விட்டு. மினரல் ஆயிலில் மெழுகு இருந்தால் அது உறைவதற்கு முன்பே திட்டுத்திட்டாகப் பிரிந்து காப்பிலரியின் வாயில் படியும். ஃப்ரீசர் கொஞ்ச நேரம் குளிர்ந்து, பிறகு நின்று, அணைத்து வைத்தால் மறுபடி குளிரும். ஈரம் உறைந்து அடைத்தாலும் இதே அறிகுறிதான். ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் இழுத்து நன்றாக வேக்கம் போட்ட பிறகும் இது தொடர்ந்தால் ஆயிலைச் சந்தேகியுங்கள்.

ஈரம்

இந்த ஒரு விஷயத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நல்ல மினரல் ஆயில் டின்னைத் திறக்கும்போது அதிலுள்ள ஈரம் சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு), பிஓஇ-யில் 50 பிபிஎம்-க்குள். திறந்த பிறகு மினரல் அதிகம் உறிஞ்சாது. பிஓஇ காற்றிலிருந்து ஆயிரக்கணக்கான பிபிஎம் வரை இழுத்துக்கொள்ளும். கார் ஏசிகளில் வரும் பிஏஜி ஆயில் அதற்கும் பல மடங்கு மேலே.

பிஓஇ என்பது ஆல்கஹாலும் கொழுப்பமிலமும் சேர்ந்து, தண்ணீரை வெளியேற்றி உண்டான பொருள். அதற்குள் மறுபடி தண்ணீரும் சூடும் சேர்ந்தால் வந்த வழியே திரும்பிப்போய் அமிலமாகிவிடும். அந்த அமிலம் செம்புக் குழாயை அரித்து, செம்பைக் கரைத்துக் கொண்டுவந்து, சூடான இரும்புப் பரப்பில் படியவைக்கிறது. அறுத்துப் பார்த்தபோது தெரிந்த செம்பு முலாம் இதுதான். படிந்த செம்பு பேரிங் இடைவெளியை அடைத்துக்கொண்டு கம்ப்ரஸரை இறுக்கிவிடும். பிவிஇ-யும் ஈரத்தை உறிஞ்சும், சொல்லப்போனால் பிஓஇ-யை விடக் கூடுதலாகவே. ஆனால் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாக உடையாது. அதற்காக பிவிஇ இயந்திரத்தை அலட்சியமாகத் திறந்து வைக்கலாம் என்றில்லை. உறைந்து அடைக்கும் ஈரம் அங்கேயும் ஈரம்தான்.

இன்னொன்று: பிஓஇ-க்குள் புகுந்த ஈரத்தை வேக்கம் பம்ப்பால் இழுத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் வரும், ஆயிலோடு பிணைந்த ஈரம் லேசில் வராது. அதை எடுக்க ஃபில்டர் டிரையர்தான் வழி. சிஸ்டத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புது டிரையர் போடச் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை.

ஆகவே நடைமுறை இப்படி. கம்ப்ரஸரின் ரப்பர் மூடிகளைப் பைப் வேலை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் கழற்றுங்கள். பிஓஇ கம்ப்ரஸர் 15 நிமிடத்துக்கு மேல் திறந்து கிடக்கக் கூடாது. மழை நாளில் அதுவும் அதிகம். பிரேசிங் (குழாய்களை நெருப்பால் பற்றவைப்பது) செய்யும்போது மெல்லிய அளவில் நைட்ரஜன் ஓடட்டும். இல்லையென்றால் குழாய்க்குள் கருப்புச் செதில் உண்டாகும். மினரல் ஆயில் அதை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும், பிஓஇ நல்ல கரைப்பான் என்பதால் உரித்துக் கொண்டுவந்து காப்பிலரியில் சேர்க்கும். டிரையரை கம்ப்ரஸருக்கும் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில் திறந்து பொருத்துங்கள்.

வேக்கம் போடும்போது உள்ளே மீதமிருக்கும் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும். மைக்ரான் கேஜ் இல்லாமல் "அரை மணி நேரம் ஓட்டினேன்" என்பது அளவீடு ஆகாது. வால்வை மூடிப் பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் பாருங்கள். 1000-க்குள் நின்றால் சரி. ஏறி 1500, 2000 என்று ஒரு இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. வேக்கம் போடும்போது கரண்ட் போனால், வால்வு மூடாத சிஸ்டம் பம்ப்பின் ஆயிலை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிஓஇ சிஸ்டத்தில் வேக்கம் பம்ப் ஆயில் நுழைந்துவிட்டால் சுத்தம் செய்வது பெரிய வேலை. பம்ப்பில் திரும்பாத வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பக்கத்திலேயே இருங்கள்.

பிஓஇ, பிஏஜி எப்போதும் உலோக டின்னில்தான். பிளாஸ்டிக் கேனின் சுவர் வழியாகவே ஈரம் உள்ளே போகும். 200 மில்லி தேவை என்றால் 500 மில்லி டின் வாங்குங்கள், 5 லிட்டர் வேண்டாம். மீந்த பாதி டின்னை இறுக மூடி அடுத்த மாதம் எடுத்து ஊற்றுவது, காசு மிச்சம் போலத் தெரிந்தாலும் ஒரு கம்ப்ரஸரின் விலைக்கு வந்து நிற்கும். மீந்ததை, குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டின் முகத்தில் ஒரு சொட்டு தடவப் பயன்படுத்துங்கள். அங்கேயும் அதே வகை ஆயில்தான், எஞ்சின் ஆயில் கூடாது.

எவ்வளவு ஊற்றுவது

புதுக் கம்ப்ரஸர் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே முழு அளவு ஆயிலோடு வரும். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். வீட்டு ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் 150 முதல் 300 மில்லி, ஸ்ப்ளிட் ஏசியின் ரோட்டரியில் 300 முதல் 700 மில்லி வரை பொதுவாக இருக்கும். சரியான அளவு மாடலைப் பொறுத்தது. தரவுத்தாளில் முதல் நிரப்பு, மறு நிரப்பு என்று இரண்டு எண் கொடுத்திருந்தால் குழம்ப வேண்டாம். வடித்தெடுத்த பிறகும் உள் பாகங்களில் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்பதால் இரண்டாவது எண் குறைவாக இருக்கும். பழைய கம்ப்ரஸருக்கு மறுபடி ஊற்றும்போது அந்த இரண்டாவது எண்தான்.

கழற்றிய கம்ப்ரஸரிலிருந்து ஆயிலை அளவுக் குவளையில் வடியுங்கள். கரைந்த கேஸ் நுரைத்துக்கொண்டு வெளியேறும் வரை காத்திருந்து, நுரை அடங்கிய பின் அளவு பாருங்கள். நுரையோடு அளந்தால் கணக்கு தப்பும். இங்கே ரோட்டரிக்கும் பிஸ்டன் வகைக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஃபிரிட்ஜின் பிஸ்டன் கம்ப்ரஸரில் ஓட்டின் உள்பக்கம் முழுக்க சக்‌ஷன் அழுத்தம். சக்‌ஷன் குழாயிலோ சார்ஜிங் குழாயிலோ ஊற்றினால் ஆயில் நேரே சம்ப்புக்குப் போய்விடும். ரோட்டரியில் ஓடு முழுக்க டிஸ்சார்ஜ் அழுத்தம், சக்‌ஷன் குழாய் பக்கத்திலுள்ள அக்யூமுலேட்டர் எனும் சிறு கலன் வழியாக நேரே சிலிண்டருக்குள் போகிறது. சக்‌ஷனில் ஆயிலை ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் சிலிண்டர் ஆயிலை அழுத்தப் பார்க்கும், உள்ளே இருக்கும் வேன் எனும் தகடு உடையும். ரோட்டரிக்கு மேலே இருக்கும் டிஸ்சார்ஜ் குழாய் வழியாக வடித்து, அதே வழியாக ஊற்றுங்கள்.

பொருத்திய பெரிய இயந்திரத்தில் ஆயில் சேர்க்க ஹேண்ட் பம்ப்தான் நல்லது. டின்னைத் திறந்தவுடன் பம்ப் குழாயை உள்ளே விட்டு, ஹோஸின் மறுமுனையில் ஆயில் வந்து காற்று வெளியேறிய பிறகு வால்வில் இறுக்குங்கள். ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடி (சைட் கிளாஸ்) உள்ள கம்ப்ரஸரில், ஓடிக்கொண்டிருக்கும்போது கால் பாகத்துக்கும் முக்கால் பாகத்துக்கும் இடையே மட்டம் தெரிய வேண்டும்.

கேஸ் கசிந்துவிட்டது என்பதற்காக ஆயிலும் சேர்க்க வேண்டியதில்லை. கசிந்த இடத்தில் கை அகலத்துக்கு ஈரப்பசை தெரிந்தால் போன ஆயில் மிகக் கொஞ்சம். குழாய் முறிந்து கீழே குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கணக்குப் போட வேண்டும். அதிக ஆயில் நல்லது என்ற நம்பிக்கை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடுதலாக ஊற்றிய ஆயில் எவாப்பரேட்டரின் உள்சுவரில் படலமாக நின்று குளிரைக் குறைக்கும், பிறகு மொத்தமாகத் திரும்பி வந்து வால்வின் மெல்லிய தகட்டை (ரீட்) உடைக்கும்.

போல்ட் கழற்றித் திறக்கக்கூடிய செமி ஹெர்மெடிக் கம்ப்ரஸர்களில் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் தட்டி நின்றுபோவது அடிக்கடி வரும் புகார். பல மாடல்களில் அழுத்த வித்தியாசம் 9 பிஎஸ்ஐ-க்குக் கீழே 120 விநாடி நீடித்தால் ஸ்விட்ச் தட்டும். வந்தவர் சைட் கிளாஸைப் பார்த்து, மட்டம் குறைவு என்று ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் போவார். நிஜக் காரணம் பல நேரம் வேறு. இயந்திரம் நின்றிருந்த இரவில் கேஸ் சம்ப்பில் போய்க் கரைந்திருக்கும். ஸ்டார்ட் ஆனதும் அழுத்தம் சட்டென்று இறங்க, சம்ப் முழுக்க நுரை பொங்கி ஆயில் வெளியே போய்விடும். சம்ப்பைச் சூடாக வைத்திருக்கும் கிராங்க் கேஸ் ஹீட்டர் எரிகிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். நீண்ட நாள் அணைந்திருந்த இயந்திரத்துக்கு ஸ்டார்ட் செய்வதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுங்கள். ஹீட்டர் சரியாக இருந்தும் ஆயில் திரும்பவில்லை என்றால் சக்‌ஷன் லைனின் குறுக்களவையும் சாய்வையும் பாருங்கள். ஆயிலை மேலே தூக்கிவர, நிமிர்ந்து ஏறும் குழாயில் கேஸ் விநாடிக்கு 7, 8 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். படுக்கைக் குழாய்க்கு 4 மீட்டர் போதும். "பெரிய பைப் போட்டால் நல்லதுதானே" என்று ஒரு அளவு கூட்டிப் போட்ட ரைசரில் (நிமிர்ந்து ஏறும் குழாய்) எந்த ஆயிலும் மேலே ஏறாது.

கேஸை மாற்றும்போது

ஆர்-22 இயந்திரத்தை ஆர்-407சி-க்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் மினரல் ஆயிலை வடித்து, அளந்து, அதே அளவு பிஓஇ ஊற்றி, பழைய ஆர்-22-விலேயே ஓரிரு நாள் ஓட விடுங்கள். குழாய்களில் ஒட்டியிருக்கும் மினரலை ஆர்-22 கழுவிக் கொண்டுவரும். மறுபடி வடியுங்கள், மறுபடி ஊற்றுங்கள். மீந்த மினரல் 5 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை இதைச் செய்ய வேண்டும். பொதுவாக மூன்று தடவை ஆகும். ஒளிவிலகலை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். அதற்குப் பிறகே கேஸ் மாற்றம், டிரையர் மாற்றம். கேஸை முதலில் மாற்றிவிட்டு ஆயிலைக் கழுவ நினைத்தால், புதுக் கேஸ் மினரலைத் தொடாமல் ஓடும்.

மூடிய கம்ப்ரஸரில் வடிக்க வழியில்லை. ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கவிழ்க்க வேண்டும். அந்த உழைப்பைக் கணக்குப் போட்டால் சின்ன ஏசிகளுக்கு இந்த மாற்றம் கட்டுப்படியாகாது. ஆர்-422டி, ஆர்-438ஏ போன்ற கேஸ்களில் கொஞ்சம் ஹைட்ரோகார்பன் சேர்த்திருப்பதால் மினரல் ஆயிலோடு ஓட்டலாம் என்கிறார்கள். குட்டையான பைப்பிங் உள்ள சின்ன சிஸ்டத்தில் அது நடக்கும். பெரிய ரிசீவரோ (திரவக் கேஸ் தேங்கும் கலன்) நீளமான லைனோ இருந்தால் சைட் கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருங்கள், மட்டம் இறங்கினால் ஒரு பகுதியை பிஓஇ-யாக மாற்றுங்கள்.

வைண்டிங் எரிந்த சிஸ்டத்தில் ஆயிலை முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். கறுப்பு நிறம் வெறும் சூட்டாலும் வரும். ஆசிட் டெஸ்ட் கிட்டில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். அமிலம் இருந்தால் சக்‌ஷன் லைனில் அமிலத்தை உறிஞ்சும் பர்ன்-அவுட் டிரையர் போட்டு ஓட்டி, ஓரிரு நாள் கழித்து ஆயிலை மறுபடி சோதித்து, சுத்தமாகும் வரை டிரையரை மாற்றுங்கள். அமிலத்தோடு விட்ட புதுக் கம்ப்ரஸர் பழையது போன வழியிலேயே போகும்.

கார் ஏசி

பெல்ட்டில் ஓடும் கார் கம்ப்ரஸருக்கு பிஏஜி, 46, 100, 150 என்று மூன்று தரம். இதில் பெரும்பாலும் தனி சம்ப் கிடையாது, ஆயில் கேஸோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு பாகத்தை மாற்றும்போது அதில் போகிற ஆயிலைச் சேர்க்க வேண்டும். கண்டென்ஸருக்கு 30, 40 மில்லி, எவாப்பரேட்டருக்கு 40 முதல் 60 மில்லி, ரிசீவர் டிரையருக்கு 15 முதல் 30 மில்லி என்பது பொதுவான அளவு, வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. புதுக் கம்ப்ரஸரில் பெரும்பாலும் முழு சிஸ்டத்துக்கான ஆயிலும் இருக்கும். பழையதில் வடிந்த அளவைப் பார்த்து, புதியதிலிருந்து மிச்சத்தை வெளியே எடுத்துவிட்டுப் பொருத்துங்கள். சிஸ்டத்தை முழுக்கக் கழுவியிருந்தால் மட்டும் முழு அளவும் உள்ளே இருக்கட்டும்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரஸருக்குள் உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது. பிஏஜி மின்சாரத்தைத் தடுப்பதில் பலவீனமானது. அங்கே மின்காப்புள்ள பிஓஇ, டென்சோ கம்ப்ரஸர்களில் என்டி-11 போன்றது. பெட்ரோல் காருக்குப் பயன்படுத்திய ஹோஸிலோ சார்ஜிங் மெஷினிலோ ஒட்டியிருக்கும் சிறிதளவு பிஏஜி போய்ச் சேர்ந்தாலே வண்டி மின்கசிவு எச்சரிக்கை காட்டி ஏசியை நிறுத்திவிடலாம். இந்தக் கார்களுக்குத் தனி ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள், கசிவைக் காட்டும் யூவி டை ஏற்றும் ஊசியும் தனி.

ஆயிலும் நெருப்பும்

வடித்த ஆயிலில் கேஸ் கரைந்திருக்கிறது. ஆர்-600ஏ, ஆர்-290, ஆர்-32 என்றால் அது எரியும் கேஸ். கேஸை எடுத்துவிட்டோமே என்று உடனே டார்ச்சைக் காட்டினால், ஆயிலிலிருந்து மெல்ல வெளியேறும் கேஸ் குழாய் முனையில் பற்றிக்கொள்ளும். இந்தச் சிஸ்டங்களில் பழைய இணைப்பை டார்ச்சால் இளக்காமல் டியூப் கட்டரால் வெட்டுங்கள். கேஸை எடுத்த பிறகு நைட்ரஜனால் ஊதித் தள்ளி, வேக்கம் போட்டு, மறுபடி நைட்ரஜன் விட்டு, அதற்குப் பிறகுதான் நெருப்பு.

இதைவிட ஆபத்தானது, பம்ப் டவுன் (கம்ப்ரஸரை ஓட்டி கேஸை வெளி யூனிட்டில் அடைப்பது) செய்யும்போது காற்று உள்ளே போவது. லைன் கழன்றோ கசிந்தோ இருக்கும் நிலையில், வால்வை மூடிவிட்டுக் கம்ப்ரஸரை ஓட விட்டால் அது காற்றை உறிஞ்சும். காற்றும் ஆயில் ஆவியும் சேர்ந்து அழுத்தப்பட்டுச் சூடேறினால் டீசல் எஞ்சினில் நடப்பதுதான் உள்ளே நடக்கும், கம்ப்ரஸரின் ஓடே வெடித்துவிடும். கேஸ் முழுதும் போன, அல்லது கசிவு உள்ள சிஸ்டத்தில் பம்ப் டவுன் செய்யவே கூடாது. மீந்த கேஸை ரெக்கவரி மெஷினில் எடுங்கள். நல்ல சிஸ்டத்தில் பம்ப் டவுன் செய்யும்போதும், சக்‌ஷன் அழுத்தம் பூஜ்ஜியத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே சக்‌ஷன் வால்வை மூடிக் கம்ப்ரஸரை நிறுத்திவிடுங்கள், பைப்பைக் கழற்றுவது அதற்கும் பிறகு.

பிஓஇ கையில் பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும், எரிந்த கம்ப்ரஸரின் ஆயில் அமிலமாகவே இருக்கும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியால் துடைத்துச் சமாளிக்க வேண்டாம். வடித்த ஆயிலை வாய் திறந்த பாத்திரத்தில் காற்றோட்டமான இடத்தில் வைத்துக் கேஸ் முழுதும் வெளியேறிய பின்பே கேனில் அடையுங்கள். சூட்டில் கேஸ் பிரிந்து மூடிய கேன் உப்பிவிடும். வேலை முடிந்து மூடியைத் திருகும் முன், ஊற்றிய ஆயிலின் வகை, தடிப்பு, மில்லி அளவு, தேதி நான்கையும் அழியாத மையில் எழுதி கம்ப்ரஸரின் மேலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து திறக்கிறவருக்கு எதை ஊற்றுவது என்ற தேடல் இருக்காது.